திரைக்குப் பக்கத்தில் கடிகாரம்

எக்ஸ் சாளர முறையில் சர்வர் என்பது நம் கண்முன் உள்ள திரையை ஆளும் நிரல். வரையச் சொல்லும் கிளையன்ட் எங்கோ தொலைவில் ஓடலாம். காரைக்காலை அடுத்த திருவேட்டக்குடியில், புதுச்சேரி என்.ஐ.டி. மாணவர் ஒருவர் சென்னைக் கணினியில் ஓடும் நிரலின் சாளரத்தை எஸ்.எஸ்.எச். வழியே தம் மேசையில் திறக்கிறார் என்று கொள்வோம். சர்வர் காரைக்காலில், கிளையன்ட் சென்னையில். அசைபடத்தின் அடுத்த காட்சிக்கான நேரத்தைச் சென்னை நிரல் பார்த்துக்கொண்டிருந்தால், வழியில் நேரும் ஒவ்வொரு தாமதமும் திரையில் திக்கலாகத் தெரியும்.

1994இல் எக்ஸ்11 ஆறாம் வெளியீட்டுடன் வந்த சிங்க் (ஒத்திசைவு) நீட்சி, கடிகாரத்தைத் திரைக்குப் பக்கத்திலேயே வைத்தது. சுமார் 130 கிலோமீட்டர் தள்ளியுள்ள புதுச்சேரியிலிருந்து ஆளப்படும் காரைக்காலுக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும்: ஒவ்வொரு கோப்பும் தலைநகர் போய்த் திரும்புவதைவிட, உள்ளூர் அதிகாரியிடம் உத்தரவை முன்கூட்டியே கொடுத்துவைப்பது மேல்.

நீட்சியின் அடிப்படை, சர்வருக்குள் இருக்கும் 64 பிட் கவுண்டர்கள். கிளையன்ட் தானே கவுண்டர் உருவாக்கி மதிப்பை மாற்றலாம். ‘சர்வர்டைம்’ என்ற கவுண்டர் மட்டும் மில்லிவினாடிக் கணக்கில் தானாக ஏறும். அதைக் கிளையன்ட் மாற்ற முடியாது. ‘எக்ஸ்சிங்க்அவெய்ட்’ என்ற அழைப்பு, கவுண்டர் குறித்த மதிப்பை எட்டும்வரை அந்தக் கிளையன்டின் கட்டளைகளை நிறுத்திவைக்கும். ‘எக்ஸ்சிங்க்கிரியேட்அலாரம்’ எதையும் நிறுத்தாது; நேரம் வந்ததும் செய்தி அனுப்பும். ஆக, காட்சி, காத்திருப்பு, மறுபடி காட்சி என்று மொத்தமாக அனுப்பிவிடலாம். வெவ்வேறு கணினிகளில் ஓடும் இரு நிரல்கள்கூட ஒரே கவுண்டரைக் கொண்டு ஒத்திசையலாம். இந்த வடிவமைப்பில் மிக அழகான பகுதி இதுதான் என்பேன்.

குறைகளும் சின்னவை அல்ல. அவெய்ட் நிறுத்துவது ஒரு காட்சியை அல்ல, கிளையன்டின் இணைப்பு முழுவதையும். இடையில் பயனர் விசையைத் தட்டினால் அதற்கான வரைதலும் வரிசையில் பின்னால் நிற்கும். 64 பிட் மதிப்பை இரண்டு 32 பிட் துண்டுகளாக வைத்திருப்பதால், ஒன்றைக் கூட்டுவதற்கும் தனிச் செயற்கூற்றை அழைக்க வேண்டும். அன்றைய சி மொழிக்கு அது தேவைப்பட்டது; இன்று வீண் சுமை.

பெரிய பிழை கடிகாரத்தின் அளவில் இருக்கிறது. வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு காட்சிக்கு 16.67 மில்லிவினாடி. முழு எண்ணில் 16 என்று வைத்தால் வினாடிக்கு 62.5 காட்சிகள், 17 என்றால் 58.8. இரண்டுமே திரையோடு ஒட்டுவதில்லை. திரையின் புதுப்பிப்பையே எண்ணும் கவுண்டரைச் சேர்க்க நீட்சியில் இடம் இருந்தது. ஆனால் கட்டாயமாக்கப்பட்டது சர்வர்டைம் ஒன்றே. திரைக்கு அருகே கடிகாரத்தைக் கொண்டுவந்தவர்கள், திரையின் தாளத்தை அதற்குக் கொடுக்கவில்லை. அந்தக் குறையை 2013இல் கீத் பேக்கார்டின் ‘பிரசென்ட்’ நீட்சி தீர்த்தது.

இருந்தும் கவுண்டர்கள் வீணாகவில்லை. சாளரத்தின் அளவை இழுத்து மாற்றும்போது, சாளர மேலாளர் ஒரு மதிப்பைச் சொல்கிறது. நிரல் வரைந்து முடித்ததும் தன் கவுண்டரில் அதை எழுதுகிறது. பின்னாளில் சேர்ந்த ‘ஐடில்டைம்’ கவுண்டர், பயனர் எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறார் என்பதைத் திரைப்பூட்டுக்குச் சொல்கிறது. அசைபடத்துக்காகச் செய்த கருவி, அசைபடத்தைவிட இந்த வேலைகளில்தான் நன்றாகப் பொருந்துகிறது.