சந்திரகிரி ஆற்றங்கரையில் ஒரு பெண்குரல்

2025இல் பானு முஷ்தாக் அவர்களுக்குச் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தபோது பெங்களூர்த் தமிழர்களாகிய நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அவரைப் போலவே ‘லங்கேஷ் பத்ரிகெ’ வழியாக வந்த சாரா அபூபக்கர் (1936-2023) நம் வீடுகளில் இன்னும் அறிமுகமாகவில்லை. இத்தனைக்கும் அவருடைய ‘சந்திரகிரிய தீரதல்லி’ நாவலைத் தி.சு. சதாசிவம் தமிழில் தந்திருக்கிறார்.

சாரா காசர்கோட்டில் பிறந்தவர். முஸ்லிம் பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போவதே அபூர்வமான காலத்தில் கன்னடப் பள்ளியில் படித்தார். மேலே படிக்க வழியில்லை. கல்யாணம், நான்கு பிள்ளைகள். எழுத்து அச்சேறியபோது வயது 45ஐ நெருங்கிவிட்டது. இந்நாவல் பத்திரிகையில் தொடராக வந்து, 1984இல் நூலாயிற்று.

தலாக் பற்றிய நாவல் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. வியாபாரி கண்ணுக்கு முதலில் படுவது பணம். மாமனார் முகமது கான் கேட்ட பணத்தை மருமகன் ரஷீத் கொடுக்கவில்லை. அந்தக் கோபத்தில் மகள் நாதிராவைத் தன் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டு, காரியத்தைத் தலாக் வரை கொண்டுபோகிறார். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையே இல்லை, பாருங்கள்! மறுபடி சேர இருவருக்கும் ஆசை. ஆனால் அவள் ஒரு நாளாவது வேறொருவனுக்கு மனைவியாக இருந்துவிட்டுத்தான் திரும்பலாம் என்கிறார்கள். பள்ளிவாசல் குளத்தில் அவள் கதை முடிகிறது.

இவ்வளவையும் சாரா குரலை உயர்த்தாமல் சொல்கிறார். உவமை, வருணனை எல்லாம் கொஞ்சம்தான். இக்கரையில் தாய்வீடு, அக்கரையில் புருஷன் வீடு, நடுவில் ஆறு, அவ்வளவே களம். சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) படித்தால் ஒரு தெருப் பெண்களெல்லாம் பேசுகிற சத்தம் கேட்கும். சாராவிடம் ஒற்றை இழைதான், அறுகிற வரைக்கும் இழுத்துப் பார்க்கிறார். தகப்பனை அரக்கனாக்கவும் இல்லை. குறை என்றால் ரஷீத்தான்: நல்லவன் என்பதற்கு மேல் அவனைப்பற்றி நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

எதிர்ப்பும் வந்தது, 1985இல் புத்தூரில் இலக்கியக் கூட்டத்திலேயே அவரைத் தாக்க வந்தார்கள். அம்மையார் பின்வாங்கவில்லை. 1994இல் ‘சந்திரகிரி பிரகாசன’ என்று சொந்தப் பதிப்பகமே தொடங்கிவிட்டார். 2001இல் கர்நாடக அரசு அவருக்கு அத்திமப்பே விருது வழங்கியது. அந்த அத்திமப்பே பத்தாம் நூற்றாண்டுச் சமணப் பெண்மணி. பொன்னன் எழுதிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்துத் தானம் செய்தவர். நூல் ஊருக்குப் போய்ச் சேரவேண்டும் என்று கைப்பொருளைச் செலவழித்த அவர் பெயரில், சொந்தமாகப் புத்தகம் போட்ட சாராவுக்கு விருது. எங்கள் சமணர் வீடுகளில்கூட இதை யாரும் பேசிக் கேட்டதில்லை.