நான்கு குண்டுகளும் ஐந்து உயிர்களும்: 'த மிஸ்ட்' திரைப்படத்தின் முடிவும் பார்வையாளர் சினமும்

திகிற்படம் பார்க்கச் செல்பவன் அஞ்சுவதற்கென்றே கட்டணம் செலுத்துகிறான். அஞ்ச வைத்தது என்பதற்காக எந்தத் திகிற்படத்தையும் எவரும் குறைகூறுவதில்லை. அச்சம் ஏற்படாதபோதே ஏமாற்றப்பட்டதாக அவன் முறைப்படுகிறான். ஆயின், அஞ்சவேண்டிய அளவிற்கு அஞ்சிய பின்னரும் ஒருவன் சினத்தோடு அரங்கைவிட்டு வெளியேறுவானாயின், அச்சினம் எதன்பாற்பட்டது என்ற வினா எழுதல் இயல்பே. 2007 நவம்பர் 21இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான, மூடுபனி எனப் பொருள்படும் 'த மிஸ்ட்' என்னுந் திரைப்படம் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பியது. பிராங் டரபொன்ட் நெறியாள்கை செய்த இப்படத்தின் கடைசிச் சில நிமிடங்களைப் பற்றிய வாதம் பல ஆண்டுகள் கழிந்தும் ஓய்ந்தபாடில்லை. துணிவான முடிவு என்போரும், வெறுங்கொடுமை என்போரும், பார்வையாளனின் முகத்தில் அறைந்த செயல் என்போரும் உளர். முடிவைக் கண்டு எதுவும் உணராதவர் என்று ஒரு பிரிவினரைக் காண்பதுதான் அரிது.

படத்தின் மூலம் ஸ்டீபன் கிங் எழுதி 1980இல் ஒரு தொகுப்பு நூலில் வெளிவந்த குறுநாவலாகும். பின்னர் 1985இல் அவரது சொந்தத் தொகுதியொன்றிலும் அது இடம்பெற்றது. மெயின் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், புயலடித்த மறுநாள், டேவிட் என்னும் ஓவியன் தன் சிறுமகன் பில்லியுடன் பேரங்காடிக்குப் பொருள் வாங்கச் செல்கிறான். ஊரை மூடுபனி சூழ்கிறது. பனிக்குள்ளே இவ்வுலகைச் சாராத கொடும் உயிரினங்கள் உலவுகின்றன. அங்காடிக்குள் அடைபட்ட மக்கள் சில நாட்களுள் ஒருவரையொருவர் அஞ்சத் தொடங்குகின்றனர். திருமதி கார்மடி என்னும் மதவெறி கொண்ட பெண்ணொருத்தி, இறைவன் பலி கேட்கிறான் எனக் கூறி, அச்சமுற்றோரைத் தன் பின்னால் திரட்டுகிறாள். இதுவரை நூலும் படமும் பெரும்பாலும் ஒரே வழியிற் செல்கின்றன.

பிரிவு முடிவில் நேர்கிறது. கிங்கின் கதையில், தப்பிய நால்வரும் வாகனத்தில் பனியூடே செல்கின்றனர். வானொலியின் இரைச்சலூடே ஒரு நகரத்தின் பெயர் கேட்டதுபோல டேவிட்டுக்குத் தோன்றுகிறது. உண்மையிற் கேட்டதா, கேட்கவேண்டும் என்ற ஆசையா என்பது அவனுக்கே தெளிவில்லை. அவ்வளவில் கதை நின்றுவிடுகிறது. படத்திலோ ஐவர் தப்புகின்றனர். எரிபொருள் தீர்ந்து வாகனம் நிற்கிறது. கைத்துப்பாக்கியில் எஞ்சியிருப்பவை நான்கு குண்டுகள். தம்மால் இயன்றதைச் செய்துவிட்டோம் என்று முதியவர் இருவரும் அமைதியாகப் பேசிக்கொள்கின்றனர். பூதங்களிடம் தன்னை விட்டுவிடலாகாது என்று தந்தையிடம் ஏலவே உறுதிமொழி வாங்கிய பில்லி உறங்கிக் கிடக்கிறான். டேவிட் நால்வரையும் சுட்டுக் கொல்கிறான். தனக்கெனக் குண்டு எஞ்சாமையால் வெளியே இறங்கி, தன்னையும் கொல்லுமாறு பனியை நோக்கிக் கூவுகிறான். பனியிலிருந்து வெளிப்படுவது இராணுவக் கவச வாகனம். பனி விலகுகிறது. மீட்கப்பட்ட மக்களை ஏற்றிய வண்டிகள் வரிசையாகக் கடந்து செல்கின்றன.

மூலத்துக்கு இழைக்கப்பட்ட துரோகம் என்று இம்முடிவைக் கண்டிப்போர், மூலத்தை மீண்டும் படித்தல் நன்று. குண்டுக் கணக்கு கிங்கின் கதையிலேயே உள்ளது. அங்கே மூன்று குண்டுகள், நான்கு பேர். நிலைமை முற்றினால் தனக்கு வேறு வழி தேடிக்கொள்ளலாம் என டேவிட் எண்ணுகிறான். ஆக, ஆசிரியர் ஊன்றி முளைக்கவிடாத வித்தையே நெறியாளர் வளர்த்தெடுத்தார். கிங்கும் இம்முடிவை வெளிப்படையாகவே பாராட்டினார். தெளிவில்லாமல் முடியும் கதைகளைத் தன் தந்தை இகழ்வார் என்று கிங்கின் டேவிட் ஓரிடத்திற் கூறுகிறான். அவ்விகழ்ச்சியை டரபொன்ட் சற்று அதிகமாகவே பொருட்படுத்திவிட்டார் போலும்.

துரோகம் என்னும் குற்றச்சாட்டு உண்மையான காரணம் அன்று என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. இதே டரபொன்ட் 1994இல் இதே கிங்கின் இன்னொரு குறுநாவலை 'த ஷோஷாங்க் றிடெம்ப்ஷன்' என்ற பெயரிற் படமாக்கினார். சிறைமீண்ட முதியவன், தப்பியோடிய நண்பனைக் காணும் நம்பிக்கையுடன் பயணம் புறப்படுவதோடு அக்கதை முடிகிறது. நண்பனைக் கண்டானா என்பதைக் கிங் சொல்லவில்லை. படமோ கடற்கரையில் இருவரையும் சந்திக்க வைத்துத் திரையை மூடுகிறது. இரண்டு கதைகளையும் ஆசிரியர் நம்பிக்கையின் வாசலில் நிறுத்தினார். இரண்டு கதவுகளையும் நெறியாளரே சாத்தினார். முன்னதில் நம்பிக்கை கைகூடியது, பின்னதில் கருகியது. மூலத்தின் திறந்த முடிவு பறிக்கப்பட்டதெனக் கடற்கரைச் சந்திப்பைக் குறித்துச் சினந்தவர் மிகச் சிலரே. எனவே, மாற்றம் என்பதன்று, மாற்றத்தின் திசையே பார்வையாளரை உறுத்தியது எனல் பொருந்தும்.

இத்திசை ஹொலிவூட் வணிகத்துக்கு எவ்வளவு ஒவ்வாதது என்பதை அதே பருவத்தில் வெளியான வேறொரு படம் காட்டும். றிச்சர்ட் மத்திசனின் 1954ஆம் ஆண்டு நாவலைத் தழுவிய 'ஐ ஆம் லெஜன்ட்' 2007 டிசம்பரில் வெளிவந்தது. தான் வேட்டையாடிய உயிர்களின் கண்ணுக்குத் தானே கொடியவன் என நாயகன் உணர்வதாக அமைந்த முடிவு முதலிற் படமாக்கப்பட்டிருந்தது. முன்னோட்டக் காட்சிகளிற் பார்வையாளர் அதனை விரும்பவில்லை. ஆகவே, நாயகன் பிறரைக் காக்கத் தன்னுயிர் ஈயும் முடிவு அதனிடத்தைப் பிடித்தது. படம் உலகெங்கும் ஏறத்தாழ 58 கோடி டொலர் ஈட்டியது. 'த மிஸ்ட்' ஈட்டியதோ அதில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு. முடிவை மாற்ற இசைந்திருந்தால் கூடுதற் பணம் கிடைத்திருக்கும் என்றும், அதை மறுத்துக் குறைந்த செலவிற் படத்தை எடுத்ததாகவும் டரபொன்ட் பின்னர் கூறியுள்ளார். மறுப்பின் விலை அவருக்குத் தெரிந்தே இருந்தது.

பார்வையாளரின் விருப்பத்துக்குப் படைப்பாளி இணங்குதல் புதிதன்று. நல்லோர் வாழ்ந்து தீயோர் வீழும் இரட்டை முடிவு அரங்கினரின் மனப்பலவீனத்தால் விரும்பப்படுவது எனவும், கவிஞர் அவ்விருப்பத்தைப் பின்தொடர்கின்றனர் எனவும் அரிஸ்டோட்டில் தமது கவிதையியலிற் குறிப்பிட்டார். இக்கருத்தைக் கொண்டு டரபொன்ட்டை ஆதரிப்பது எளிது. ஆனால் அதே இயலிலே அவர் கூறிய இன்னொன்றை ஆதரவாளர் வசதியாக மறந்துவிடுவர். குற்றமற்ற நல்லோன் இன்பநிலையிலிருந்து துன்பநிலைக்கு வீழ்தல் இரக்கத்தையோ அச்சத்தையோ தோற்றுவியாது. அருவருப்பையே தோற்றுவிக்கும் என்பது அவர் கூற்று. 'த மிஸ்ட்' படத்தைக் கண்டு வெகுண்டோர், அரிஸ்டோட்டிலைப் படித்தோ படிக்காமலோ, கூறியது இதுவேயாகும். மகனைக் காக்க இறுதிவரை போராடிய தந்தைக்கு இது தகுமா என்பதே அவர்தம் கேள்வி.

ஆகவே, டேவிட் குற்றமற்றவனா என்பதிலேயே எல்லாம் தங்கியுள்ளது. உறவினரைக் கொல்லுதல், கொன்றபின் உண்மையறிதல் என்பன கிரேக்க அவலத்தின் பழைய கருவிகள். அங்கே கொல்பவன், கொல்லப்படுபவர் இன்னார் என்பதை அறியான். இங்கு டேவிட் யாவரையும் அறிவான். அவன் அறியாதது காலத்தை மட்டுமே. இன்னுஞ் சற்றுப் பொறுத்திருந்தால் என்னும் எண்ணமே முடிவைத் தாங்கவொண்ணாததாக்குகிறது. படத்தை உன்னிப்பாகக் கவனிப்போர் வேறொன்றையும் காண்பர். வாகனம் நின்றபின் எந்த உயிரினமும் அவர்களைத் தாக்கவில்லை. தொலைவில் ஓசைகள் கேட்கின்றன, அவ்வளவே. அவர்களைக் கொன்றது பனியன்று. பனியைப் பற்றிய அவர்களது உறுதிப்பாடு.

அங்காடியில் நடந்தவற்றை இதன் வெளிச்சத்தில் மீள நோக்குமிடத்து, அழிந்தோர் பலரையும் அழித்தது ஐயமின்மையே என்பது புலனாகும். வழக்கறிஞர் நோர்ட்டன், வெளியே ஒன்றுமில்லை என்று உறுதியாக நம்பித் தம்மைப் பின்பற்றியோருடன் பனிக்குள் நடந்து மறைகிறார். இறைவனின் எண்ணம் தனக்குத் தெரியும் என்பதில் கார்மடிக்கு ஐயமில்லை. இவ்விருவரையும் பார்வையாளன் எள்ளலோடு நோக்குகிறான். டேவிட்டின் பக்கம் நிற்கிறான். இனிப் பிழைக்க வழியில்லை என்ற டேவிட்டின் உறுதியை மட்டும் அவன் உறுதியென்றே எண்ணுவதில்லை. அறிவு என்று எண்ணுகிறான். துப்பாக்கியின் ஒளி வாகனத்தின் கண்ணாடிகளில் மின்னும்போது, அரங்கில் இருப்பவன் துயருறுகிறானேயன்றி எதிர்ப்பதில்லை. அவனும் உள்ளூர இசைந்துவிட்டான். கவச வாகனம் வெளிப்பட்டதும் அவ்விசைவு அவன் கையிலேயே குற்றமாய் எஞ்சுகிறது. சினத்தின் வேர் இங்கேதான் உளது.

அச்சினத்தைத் தணிக்கப் பார்வையாளர் கண்ட வழிகள் சுவையானவை. நம்பிக்கையை ஒருபோதும் கைவிடலாகாது என்னும் நீதியைப் படம் போதிப்பதாக ஒரு சாரார் அமைதி காண்பர். வேறு சிலர் இதனினும் விந்தையான பொருள் கொள்வர். கார்மடி பலியாகக் கேட்டது பில்லியை, பில்லி இறந்தான், பனி விலகிற்று, ஆகவே அவள் சொன்னது சரியே என்பது அவர் வாதம். படம் இதனை மறுக்கவுமில்லை, நிறுவவுமில்லை. முன்னதும் பின்னதும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை. காரணமற்றுக் குழந்தையொன்று இறந்தது என்பதை ஏற்க மனம் மறுக்கிறது. நீதியோ பலியோ ஏதோவொரு கணக்கு வேண்டியிருக்கிறது. அங்காடிக்குள் அடைபட்ட மக்களைக் கார்மடியிடம் தள்ளியதும் இதே தேவைதான்!

தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளில் அச்சமும் அழுகையும் வெகுளியும் வெவ்வேறானவை. இப்படம் பார்வையாளனை முதலாவதில் நெடுநேரம் நிறுத்தி, இரண்டாவதில் கணப்பொழுது வைத்து, மூன்றாவதனுள் தள்ளி அனுப்புகிறது. அழுவதற்குப் போதிய நேரம் தராமையே இதன் வன்மை என்றும் குறை என்றும் கூறலாம். இதற்கு நேர்மாறான ஒரு காட்சியை 1969 ஜனவரியில் அமெரிக்க விமர்சகர் றொஜர் ஈபேர்ட் சிக்காகோ நாளேடொன்றிற் பதிவு செய்தார். ஜோர்ஜ் றொமேறோவின் 'நைற் ஒவ் த லிவிங் டெட்' பிற்பகற் காட்சிக்குப் பெரும்பாலும் சிறுவர்களே வந்திருந்தனர். இரவெல்லாம் போராடிப் பிழைத்த நாயகன், காலையில் மீட்புக் குழுவினராலேயே பிணமென்று கருதப்பட்டுச் சுடப்படுகிறான். அரங்கில் ஓசை அடங்கியதையும், சிறுமியொருத்தி அசையாதிருந்து அழுததையும் ஈபேர்ட் எழுதினார். அந்நாயகனைச் சுட்டோர் பிறர். ஆதலின் அச்சிறுமிக்கு அழ முடிந்தது. டேவிட்டின் துப்பாக்கியோ அவன் கையிலேயே இருந்தது.

இம்முடிவிற் குறையே இல்லை எனக் கொள்ளுதல் தகாது. இறுதிப் பயணத்தின்போது ஒலிக்கும் ஓலமான குரலிசை, வரப்போகும் அவலத்தை முன்கூட்டியே துக்கங் கொண்டாடிவிடுகிறது. கடந்து செல்லும் இராணுவ வண்டியில் ஒரு பெண் தன் பிள்ளைகள் இருவருடன் நிற்கிறாள். படத்தின் தொடக்கத்தில், வீட்டிலே தனித்திருக்கும் பிள்ளைகளிடம் போகத் தன்னுடன் எவரேனும் வருவரா என்று அங்காடியில் ஒவ்வொருவராகக் கேட்டவள் அவளே. கிங்கின் கதையிற் பனிக்குள் சென்ற அவளை மீண்டும் எவரும் காணவில்லை. டரபொன்ட் அவளை உயிருடன் திரும்ப அழைத்து வந்து டேவிட்டை நோக்க வைக்கிறார். காலத்தின் குருட்டு விபத்தாக இருந்த ஒன்று, அவள் பார்வை பட்டதும் தீர்ப்பாக மாறிவிடுகிறது. உதவ மறுத்தவன் தண்டிக்கப்பட்டான் என்னும் எளிய கணக்குக்கு இது இடமளிக்கிறது. மேற்சொன்ன நீதி காண்போருக்கு நெறியாளரே கொடுத்த கைப்பிடி இது. அவ்வளவு தூரம் துணிந்தவர் இவ்விடத்திற் சற்றே தளர்ந்துவிட்டார்.

எனினும், அவளது வருகை வேறொரு பயனையும் தருகிறது. அது இரண்டாம் முறை பார்ப்போருக்கே கிட்டுவது. முதன்முறை அவள் உதவி கேட்கும்போது, பார்வையாளனின் கண் கதவுக்கு வெளியே உள்ள பனியில் இருக்கும். அவள் பேசி முடித்து வெளியேறினால் போதும், கதை நகரும் என்றே அவன் காத்திருப்பான். இரண்டாம் முறை அவன் பனியைப் பார்ப்பதில்லை. அவள் முன்னே தலைகுனியும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். தனக்கும் ஒரு மகன் உண்டென்று டேவிட் கூறும் விடை நியாயமான விடையாகவே அப்போதும் ஒலிக்கிறது. அவள் கதவைத் திறந்து தனியே நடக்கிறாள். அங்காடிக்குள் எவரும் அசைவதில்லை.