ஆறடி மேசையில் ராய்ச்சூர்

1525 பிப்ரவரியில் இத்தாலியின் பாவியா நகருக்கு வெளியே பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா சிறைபிடிக்கப்பட்டார். மறுமலர்ச்சிக் காலப் போர்களைப் பொம்மை வீரர்களை வைத்து மேசையில் நடத்திப் பார்க்கும் வார்கேம் ரசிகர்களுக்கு அந்தப் போர் அலுப்பதே இல்லை. அதற்கு ஐந்தாண்டு முன்பு, 1520 மே மாதம், ராய்ச்சூர் பக்கத்தில் விஜயநகரத்தின் கிருஷ்ணதேவராயரும் பிஜப்பூரின் இஸ்மாயில் அடில்ஷாவும் மோதினார்கள். பீரங்கி, குதிரைப்படை, யானை, ஆறு, கோட்டை, போர்த்துகீசியத் துப்பாக்கிக்காரர் என்று எல்லாமே அதில் உண்டு. மேசைக்கு இதைவிடத் தோதான போர் கிடைப்பது அரிது. அந்த மேசையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதில்தான் சிக்கல்.

இந்தப் பழக்கத்துக்கு இரண்டு தாய்வீடுகள். ஒன்று, 1824-ல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி ராணுவப் பயிற்சிக்காக வகுத்த விதிகள். மற்றது, எச்.ஜி.வெல்ஸ் 1913-ல் வரவேற்பறைத் தரைக்குக் கொண்டுவந்த பொழுதுபோக்கு. முன்னதில் நடுவர் இருந்தார். எதிரியின் படை எங்கே நிற்கிறது என்பதை அவர் மறைத்து வைத்தார். இன்றைய ஆட்டங்களில் பெரும்பாலும் நடுவர் கிடையாது. இருவரும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே பகடை உருட்டுகிறார்கள்.

ராய்ச்சூர்ப் போரை விரிவாக எழுதியவர் பெர்னாவ் நூனிஸ் என்ற குதிரை வியாபாரி. போர் முடிந்து சுமார் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் எழுதிய அவர், ராயரின் படையில் 7,03,000 காலாட்கள், 32,600 குதிரைகள், 551 யானைகள் என்று கணக்குச் சொல்கிறார். புத்தகத்தில் படித்தால் கண் சும்மா தாண்டிப் போய்விடும். மேசையில் அடுக்க உட்காரும்போதுதான் இடிக்கும். 15 மி.மீ. அளவு பொம்மைகளில் ஒரு யானை வழக்கமாக 40 மி.மீ. சதுர அட்டையில் நிற்கும். 551 யானைகளையும் ஒன்றுக்கொன்றாக வரிசையில் நிறுத்தினால் 22 மீட்டர் வரும். நிஜ நிலத்தில் கணக்கிட்டால் இன்னும் மோசம். ஆளுக்கு ஒரு மீட்டர் இடம், பத்து வரிசை ஆழம் என்று வைத்தாலும் காலாட்படை மட்டும் 70 கிலோமீட்டர் நீளும். ஏறக்குறைய சோழவரத்திலிருந்து காஞ்சிபுரம் வரை! அத்தனை பேருக்கும் மே மாதத்தில் தண்ணீர் எங்கே என்று யாரும் கேட்கலாம். பழைய நூல்களின் எண்களை அளவுகோல் கொண்டு மடக்குவதில் மேசையை மிஞ்ச ஆளில்லை.

இன்னொரு பலமும் உண்டு. நூனிஸ் சொல்வது இது: ராயரின் முன்னணிப் படை நெருங்கியதும் பிஜப்பூர் பீரங்கிகள் மொத்தமாக வெடித்தன, முன்னணி சிதறி ஓடியது, துரத்திக்கொண்டு வந்த பிஜப்பூர்க்காரர்கள் மேல் ராயர் புதிய அணியோடு பாய்ந்தார், அவர்கள் கிருஷ்ணா நதிவரை விரட்டப்பட்டார்கள். பீரங்கியை மறுபடி நிரப்ப எத்தனை முறை காத்திருக்க வேண்டும் என்று ஒரு விதி எழுதினால் போதும், அந்தத் திருப்பம் எப்படி நேர்ந்திருக்கும் என்பது கண்ணெதிரே புரியும். வரலாற்றாசிரியர் பெரிஷ்தாவின் கதையோ அடியோடு வேறு. மதுவெறியில் இஸ்மாயில் ஆற்றைக் கடக்க உத்தரவிட்டார், சிறு படை மட்டுமே கரையேறியது என்கிறார் அவர். இரண்டையும் தனித்தனியே ஆடிப் பார்க்கலாம். ஆனால் எதில் ஆட்டம் சுவையாக அமைகிறதோ அதுதான் உண்மை என்று நம்பிவிடும் ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

நடந்ததைத் தெரிந்துகொண்டு ஆடுபவர் யாரும் பிஜப்பூரின் பீரங்கிகளை ஒரே வீச்சில் தீர்த்துவிட மாட்டார். போதாக்குறைக்கு, போட்டி ஆட்டங்களில் இரு தரப்புக்கும் சமமான புள்ளிகள் தரப்படுகின்றன. எந்த ராஜா சமபலத்தோடு சண்டைக்குப் போனார்? முற்றுகை, சந்தை, தீவனம் எல்லாம் மேசைக்கு வெளியே போய்விடுகின்றன. ராயருக்கு உதவிய போர்த்துகீசியர் கிறிஸ்டோவாவ் டி பிகைரெடோவின் துப்பாக்கிக்காரர்கள் கோட்டை மதிலில் தலைகாட்டியவர்களைச் சுட்டு வீழ்த்த, கீழே ஆட்கள் கற்களைப் பெயர்த்தார்கள். ராய்ச்சூர்க் கோட்டை விழுந்த விதம் அது. இரண்டு மணி நேர ஆட்டத்தில் அதற்கு இடமில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, ஒரே கை முழுப் படையையும் நகர்த்துவது. நூனிஸின் பட்டியலில் காமநாயக்கர் 30,000 காலாட்கள், 1,000 குதிரைகள், 6 யானைகளோடு முன்னே போகிறார். அவருக்குப் பின் ஒவ்வொரு தலைவரும் தன் தன் படையோடு வருகிறார். ராயர் அவர்களுக்கு ஆணையிடலாம். பொம்மையைப் போல இரண்டு அங்குலம் தள்ளி வைக்க முடியாது. ஐரோப்பியப் படைகளை மனதில் வைத்து எழுதிய விதிகள் இதை ‘கட்டுப்பாடு குறைந்த படை’ என்று ஒரு எண்ணைக் குறைத்துச் சமாளித்துவிடும். தலைவருக்கு ஒருவராக ஆறேழு பேரை உட்காரவைத்து, ராயராக ஆடுபவரைப் பக்கத்து அறைக்கு அனுப்பி, ஓலை எழுதித்தான் உத்தரவு தரலாம் என்று விதி செய்தால் ஆட்டம் இழுக்கும், சண்டை வரும், பாதியில் ஒருவர் எழுந்து வீட்டுக்கும் போவார். ராய்ச்சூருக்கு அந்த ஆட்டம்தான் பொருந்தும்.