விலைவாசி ஏறினால் கடன்காரனுக்கு லாபமா?

பணவீக்கத்தில் பணத்தின் மதிப்பு தேயும், அதோடு கடனும் தேயும், அதனால் கடன் வாங்கியவனுக்கு லாபம் என்று ஒரு வாதம் உண்டு. நம்ம ஊர் வீட்டுக்கடனுக்கு இது சரிப்படாது.

காரணம், 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புது மிதவை வட்டிக் கடன்கள் பெரும்பாலும் ரெப்போவோடு கட்டப்பட்டவை. 2022-இல் பணவீக்கம் மூன்று காலாண்டுகள் தொடர்ந்து 6 சதவீத வரம்பைத் தாண்டியது. 4 சதவீதமாக இருந்த ரெப்போவை 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆக்கியது ரிசர்வ் வங்கி.

கணக்குப் போட்டுப் பாருங்க. 30 லட்சம், 20 வருஷம், 6.5 சதவீதம் என்றால் இஎம்ஐ சுமார் 22,370 ரூபாய். வட்டி 9 ஆனால், 30 லட்சத்துக்கு ஒரு மாத வட்டியே 22,500. பழைய இஎம்ஐயையே கட்டினால் அசல் குறையாது, ஏறும்! தவணைக்காலத்தை நீட்டுவதால் இப்படி ஆகக்கூடாது, இஎம்ஐயைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது.

விலைவாசியோடு சம்பளமும் ஏறுகிறவருக்கு அந்த வாதம் ஓரளவு பலிக்கும். சோளிங்கரிலிருந்து ராணிப்பேட்டை தோல் ஷாப்புக்குப் போய் பீஸ் ரேட்டில் கூலி வாங்குபவருக்கு அரிசி விலை, இஎம்ஐ இரண்டும் ஒரே சமயத்தில் ஏறும். கூலி ஏறாது.

அதுக்காக நிலையான வட்டிதான் நல்லது என்று சொல்ல வரவில்லை. பல கடன்களில் அந்த 'நிலை' சில வருஷம்தான். 2025-இல் ரெப்போ இறங்கியபோது லாபம் மிதவைக்காரருக்கே. வட்டி 2.5 சதவீதம் கூடினால் மேற்படி கடனுக்கு இஎம்ஐ சுமார் 27,000. அதைக் கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டு மிதவையில் கையெழுத்துப் போடுங்க. முடியாதென்றால் கடன் தொகையைக் குறைங்க.