இசைத்தட்டின் உறை: வரைந்தவரும் வாசித்தவரும்

78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிட இசைதான் அடங்கும். ஒரு சிம்பொனியை முழுதாகக் கேட்க நாலைந்து தட்டுகளாவது வேண்டும். அவற்றைக் காகிதப் பைகளில் இட்டு, புகைப்பட ஆல்பம் போலச் சேர்த்துக் கட்டி விற்றார்கள். 'ஆல்பம்' என்ற பெயர் வந்த வழி அது. மேலே பழுப்பிலோ சாம்பல் நிறத்திலோ மொட்டைக் கெட்டி அட்டை, அதில் பெயர் மட்டும். வியாபாரத்தில் அதைக் 'கல்லறைக்கல்' என்றே சொன்னார்கள்.

1939-ல் கொலம்பியா ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் கலை இயக்குநராகச் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் அந்தக் கல்லறைக்கு உயிர் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது இருபதுகளின் தொடக்கம். ராட்ஜர்ஸ்-ஹார்ட் இணையின் பாடல் தொகுப்புக்கு ஒரு நாடக அரங்கின் விளக்குப் பலகையில் எழுத்துகளை மாற்றி வைக்கச் சொல்லி, அவ்விருவரின் பெயர் ஒளிர்வதைப் படம் எடுத்து அட்டையாக்கினார். 1948-ல் கொலம்பியா 12 அங்குல எல்பி (நீண்டநேரம் ஓடும்) தட்டை வெளியிட்டபோது அதற்கேற்ற அட்டை உறையை உருவாக்கியவரும் அவரே. அடுத்த நாற்பது ஆண்டுகள் ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் விளையாடிய சதுரக் களம் அங்கேதான் பிறந்தது.

இந்த மரபை நான் ஒரே கேள்வியால் அளப்பது வழக்கம். வடிவமைப்பாளரின் மேசைக்கு இசையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? ஒவ்வொரு பள்ளியும் இதற்கு ஒவ்வொரு விடை வைத்திருக்கிறது. உறையின் தரம் அந்த விடையில்தான் இருக்கிறது என்பது என் முடிவு.

முதலில் ப்ளூ நோட். பெர்லினிலிருந்து நியூயார்க் வந்த ஆல்ஃப்ரெட் லயன் 1939-ல் தொடங்கிய ஜாஸ் நிறுவனம். அதே ஆண்டு நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்து சேர்ந்துகொண்டார் அவருடைய நண்பர் ஃபிரான்சிஸ் உல்ஃப். உல்ஃப் புகைப்படக்காரர். ஒலிப்பதிவு நடக்கும்போதே கேமராவோடு அறைக்குள் நடமாடுவார். ஊதுபவரின் கன்னமும், நெற்றி வேர்வையும், சிகரெட் புகையும் அவர் படங்களில் அப்படியே இருக்கும். 1950களின் நடுவில் இவர்களோடு வந்து சேர்ந்தவர் வடிவமைப்பாளர் ரீட் மைல்ஸ். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 500 உறைகள் செய்தார். ஓர் உறைக்கு அவருக்குக் கிடைத்தது சுமார் 50 டாலர்.

மைல்ஸுக்கு ஜாஸில் பெரிய ஈடுபாடு கிடையாது. அவர் கேட்டது மேற்கத்திய செவ்வியல் இசை. வீட்டுக்கு வந்த ப்ளூ நோட் தட்டுகளையும் பிறருக்குக் கொடுத்துவிடுவார். அப்படியானால் அந்த உறைகள் எப்படி அவ்வளவு 'ஜாஸ்' ஆக இருக்கின்றன? லயன் சொன்னார். யார் வாசித்தார்கள், எப்படி வாசித்தார்கள், அன்றைக்கு அறையில் என்ன மனநிலை என்று உட்கார்ந்து விவரிப்பார். அதைக் கேட்டு மைல்ஸ் எழுத்துகளை அடுக்குவார். இசையை நேசித்த ஒருவரின் சொல், வடிவத்தை நேசித்த ஒருவரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கச்சேரிக்கே வராத சிற்பியிடம் ரசிகர் ஒருவர் ராகத்தை வர்ணித்துச் சிலை வாங்கியதுபோல. எனக்கு இந்த மரபில் ஆகப் பிடித்த ஏற்பாடு இது.

ஜோ ஹென்டர்சனின் 'இன் அண்ட் அவுட்' உறையைப் பாருங்கள். படம் என்று தனியாக எதுவும் இல்லை, எழுத்துகளே உறை முழுதும் ஓடுகின்றன. ஆங்கில 'ஐ' எழுத்தின் தலையில் உள்ள புள்ளிக்குள் ஹென்டர்சனின் முகம். ஜாக்கி மெக்லீனின் 'இட்ஸ் டைம்' உறையில் ஆச்சரியக்குறிகள் படைபடையாக நிற்க, வாசித்தவர் ஓர் ஓரத்தில் சிறியதாக இருக்கிறார். சோனி கிளார்க்கின் 'கூல் ஸ்ட்ரட்டின்' உறையில் நகர வீதியில் நடக்கும் ஒரு பெண்ணின் கால்கள் மட்டுமே. பெரும்பாலும் ஒரு நிறமும் கறுப்பும்தான், கூடுதல் நிறத்துக்குப் பணம் இல்லை. உல்ஃபின் படங்களை மைல்ஸ் தயவுதாட்சண்யமின்றி வெட்டுவார், நெற்றி போகும், பாதி முகம் போகும். உல்ஃபுக்கு அதில் வருத்தம் உண்டு. நியாயமான வருத்தம்தான். ஆனாலும் அந்த வெட்டில்தான் தாளம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

லண்டனில் கதை வேறு. அங்கே இசைக்காரர்களே ஓவியர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பீட்டில்ஸின் 'ரிவால்வர்' உறையை வரைந்த கிளாஸ் ஃபோர்மன், அவர்களுடைய ஹாம்பர்க் நாட்களின் நண்பர். 1967-ன் 'சார்ஜென்ட் பெப்பர்' உறைக்காகப் பீட்டர் பிளேக்கும் ஜேன் ஹாவர்த்தும் உயரமான அட்டை உருவங்களால் ஒரு கூட்டத்தையே எழுப்பினார்கள். செலவு ஏறத்தாழ 3,000 பவுண்ட், அந்நாளில் ஓர் உறைக்கு ஆகும் செலவைப்போலப் பல மடங்கு. கூட்டத்தில் யார் யார் இருக்கவேண்டும் என்பதை இசைக்குழுவும் சொன்னது. ஜார்ஜ் ஹாரிசன் கேட்டபடி பரமஹம்ச யோகானந்தர் உள்ளிட்ட நான்கு இந்திய யோகிகள் இடம்பெற்றார்கள். காந்தியும் இருந்தார். இந்தியாவில் மனம் புண்படும் என்று அஞ்சி தட்டு நிறுவனமான இஎம்ஐ-யின் தலைவர் ஜோசப் லாக்வுட் கேட்டுக்கொண்டதால் காந்தியை எடுத்துவிட்டார்கள்.

நண்பர்களின் பள்ளி என்றால் ஹிப்நாசிஸைத்தான் சொல்லவேண்டும். ஸ்டார்ம் தோர்கர்சனும் ஆப்ரி பவலும் 1968-ல் தொடங்கிய வடிவமைப்பு நிறுவனம் அது. பிங்க் ஃபிளாய்டு ராக் குழுவின் சிட் பாரெட்டும் ரோஜர் வாட்டர்ஸும் படித்த அதே கேம்பிரிட்ஜ் பள்ளியில் படித்தவர் தோர்கர்சன். ஆகவே இடையில் தரகர் தேவைப்படவில்லை. அந்தக் குழுவின் 1970-ன் 'ஆட்டம் ஹார்ட் மதர்' உறையின் முகப்பில் புல்வெளியில் திரும்பிப் பார்க்கும் ஒரு பசு. குழுவின் பெயர் இல்லை, தட்டின் பெயரும் இல்லை. கடையில் பெயர் தெரியாமல் எப்படி விற்பது என்று தட்டு நிறுவனம் பதறியது. விற்றது.

1973-ல் அதே குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'. எளிமையாக, நேர்த்தியாக ஒன்று வேண்டும் என்று கேட்டவர் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட். தோர்கர்சனுக்கு ஓர் இயற்பியல் பாடநூலின் முப்பட்டகம் கைகொடுத்தது. அந்தக் குழுவின் கச்சேரிகளில் விளக்குகளுக்குத் தனி இடம் உண்டு, அதற்கும் பொருந்தியது. வரைந்து கொடுத்தவர் ஜார்ஜ் ஹார்டி. வைத்த வரைவுகளில் எது என்று முடிவுசெய்ய இசைக்குழுவுக்குச் சில நிமிடங்களே ஆயின. வானவில்லில் ஏழு நிறம் என்று படித்த நமக்கு அங்கே ஆறுதான் தெரியும், கருநீலத்தை விட்டுவிட்டார்கள். உறையை விரித்துப் பாருங்கள். முகப்பில் பிரிந்த நிறக்கோடுகள் உள்பக்கம் முழுதும் ஓடுகின்றன, பச்சைக் கோடு மட்டும் இதயத் துடிப்பாக ஏறி இறங்குகிறது. அது வாட்டர்ஸ் சொன்ன யோசனை, தட்டும் துடிப்பு ஒலியில்தான் தொடங்கி முடிகிறது. பின்னட்டையில் இன்னொரு பட்டகம் நிறங்களை மீண்டும் வெண்கோடாகச் சேர்க்கிறது. உறைகளை விரித்து வரிசையாக அடுக்கினால் கோடு அறுபடாமல் சுற்றிவரும். கடை ஜன்னலையும் மனத்தில் வைத்துச் செய்த வேலை.

அடுத்த தட்டு 1975-ன் 'விஷ் யூ வேர் ஹியர்'. பேசுபொருள், இல்லாமை. இரண்டு ஸ்டன்ட்காரர்கள் கைகுலுக்க, ஒருவர் உடல் நிஜமாகவே எரிகிறது. எடுக்கும்போது காற்று திசைமாறி அவர் மீசையைச் சுட்டது. அத்தனை பாடுபட்டு எடுத்த படத்தைக் கறுப்புப் பிளாஸ்டிக்கால் மூடி விற்றார்கள். உறையையே 'இல்லாமல்' செய்துவிட்டார்கள்!

அட்டையே பண்டமாகும்போது அதை அச்சகமும் தாங்கவேண்டும், உள்ளே இருக்கும் தட்டும் தாங்கவேண்டும். ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' (1971) உறையில் ஆண்டி வார்ஹோல் யோசனைப்படி ஜீன்ஸ் படத்தில் நிஜ ஜிப்பே வைத்தார்கள். கட்டுக்கட்டாக அடுக்கி அனுப்பியபோது அந்த ஜிப் மேலிருந்த தட்டை அழுத்திப் பள்ளம் போட்டது. ஜிப்பைப் பாதிவரை இறக்கி வைத்து அனுப்பினால் அழுத்தம் தட்டின் நடுவிலுள்ள லேபிள் காகிதத்தில் விழும், இசைக்குச் சேதம் இல்லை என்று கண்டுபிடித்தார்கள். உறைக்காரர் தட்டின் உடற்கூறையும் அறிந்திருக்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மான்செஸ்டரின் ஃபேக்டரி இசைத்தட்டு நிறுவனத்தில் உறைக்கான பொருளைக் கொண்டுவந்தவர்கள் இசைக்காரர்கள். ஜாய் டிவிஷன் குழு ஒரு வானியல் கலைக்களஞ்சியத்திலிருந்து எடுத்துக் கொடுத்த துடிவிண்மீன் (பல்சர்) அலைப்படத்தை வடிவமைப்பாளர் பீட்டர் சவில் கறுப்பில் வெண்கோடாகத் திருப்பிப் போட்டார். 1979-ன் 'அன்நோன் பிளெஷர்ஸ்' அது. கொடுத்தது சரியான பொருள், செய்தது ஒரே ஒரு மாற்றம். கூட்டுவேலை என்பதற்கு இதைவிடச் சிக்கனமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பிறகு சிடி வந்தது, 12 அங்குலம் 12 சென்டிமீட்டர் ஆனது. இன்று கைப்பேசியில் தபால்தலை அளவு. எந்த உறை செய்தாலும் அந்த அளவுக்குச் சுருக்கி நிற்கிறதா என்று பார்க்கவேண்டிய கட்டாயம். முப்பட்டகம் நிற்கிறது. துடிவிண்மீன் அலைகளும் ஓரளவு நிற்கின்றன. 'இன் அண்ட் அவுட்' எழுத்துகளும் தெரிகின்றன. 'ஐ' புள்ளிக்குள் இருக்கும் ஜோ ஹென்டர்சன் மட்டும் தெரிவதில்லை. அவர் முகத்தைப் பார்க்க அட்டையைக் கையில் எடுத்து, விளக்கடியில் சாய்த்துப் பிடிக்கவேண்டும்.