மூடிய நிறுவனங்களின் இணையதளமும் பாடக் காப்பும்

அம்பகரத்தூரை உள்ளிட்ட காரைக்கால் பகுதியில் பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-இல் நீங்கியது. ஆட்சி நீங்கினும் அதன் தாள்கள் எஞ்சின. பிரெஞ்சிந்திய ஆவணங்களுள் ஒரு பகுதி பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரக் காப்பகத்தில் இன்றும் உளது. மூடப்பெறும் நிறுவனத்தின் இணையதளத்திற்கோ இந்நற்பேறு இல்லை. வழங்கிக்குரிய கட்டணம் நின்றால் அதுவும் மறையும். சிறு சங்கங்கள் பல இலவசமாகப் பக்கம் அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் தளத்தை யாகூ நிறுவனம் 2009 அக்டோபரில் அமெரிக்காவில் மூடியபோது, பிறர் முன்வந்து படியெடுத்தனவே பிழைத்தன.

எனினும், படியெடுத்தலே காப்பு என்பார் கூற்றை யாம் முற்றும் உடன்படோம். ஒருங்குறி பரவுமுன் தமிழ்ப் பக்கங்கள் திஸ்கி, தாப் முதலிய குறியீடுகளிலும், அவ்வத் தளத்திற்கே உரிய எழுத்துருக்களிலும் இயன்றன. எழுத்துருவை விடுத்துப் பக்கத்தை மட்டும் காப்பின், படிப்போர் காண்பன பொருளற்ற உரோமக் குறிகளே. புள்ளியிடாத ஏட்டில் எகர ஏகாரங்கள் மயங்குதல் போன்றதன்று இது. ஆண்டு இடம் நோக்கித் துணியலாம். ஈண்டுக் குறியீட்டின் பெயரறியாது ஒரு சொல்லைத் துணிதலும் அரிது.

ஆதலின் எழுத்துருவும், குறியீட்டுப் பெயரும், படியெடுத்த நாளும் பக்கத்தோடு ஒருங்கே காக்கப்பெறல் வேண்டும். ஒருங்குறிக்கு மாற்றிய வடிவம் ஒரு பதிப்பே, மூலம் அன்று. மாற்றியபின் மூலத்தை அழிப்போர், மாற்று நிரல் செய்த பிழையை எதனொடு ஒப்பிட்டுத் திருத்துவர்?