கறி உங்களுக்கு, சட்டி எனக்கு

வான்கோழிக் கறி சக்கையாக இருக்கும் என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. நெஞ்சுக்கறி கொஞ்சம் வறண்டதுதான். ஆனால் வறுத்து எடுத்த பிறகு சட்டியின் அடியில் நிற்குமே ஒரு சங்கதி, உருகிய கொழுப்பும் வடிந்த சாறும் செம்பழுப்பாய் ஒட்டிய காந்தலுமாக! அதில் ஒரு குழம்பு காய்ச்சிச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

உளுந்தூர்பேட்டையில் திருச்சி சாலையும் சேலம் சாலையும் பிரிகிற இடத்தில் ராத்திரி பகலாகச் சாப்பாட்டுக் கடைகள். சால்னாவுக்கும் மட்டன் குழம்புக்கும் பஞ்சமே இல்லை. இந்தக் குழம்பை மட்டும் நான் எந்தக் கடையிலும் கண்டதில்லை. வீட்டில்தான் ஆகும்.

பறவையும் தூரத்தில் இல்லை. சுற்றியுள்ள ஊர்களில் வளர்ப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அளவான பெட்டையாகப் பிடித்துத் தருவார்கள். மெக்சிகோ பக்கத்துப் பறவை இது. 1612-ல் கோவாவிலிருந்து ஜஹாங்கீர் அரண்மனைக்கு ஒன்று போய்ச் சேர்ந்தது. பாதுஷா அசந்துபோய் ஓவியர் மன்சூரைக் கூப்பிட்டு வரையச் சொன்னார். அந்த ஓவியம் இன்று லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் ஔவையாரோ மூதுரையில் வான்கோழியை மயிலோடு நிறுத்தி மானத்தை வாங்கிவிட்டார். அவர் சொன்னது இந்தப் பறவைதானா என்பது தனிப் பஞ்சாயத்து.

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. அடி கனத்த இரும்புச் சட்டி, விறகடுப்பு, மூடிமேல் இரண்டு கை தணல். தோலை உரிக்கவே கூடாது, கொழுப்பு அங்கேதான் இருக்கிறது. மஞ்சள், உப்பு, தட்டிய மிளகு, பூண்டு தடவித் துண்டுகளை அடுக்கி, தீயைத் தணித்துவிட வேண்டும். மிளகாய்த்தூள் சேர்த்தால் அடியில் கருகிக் கசக்கும். அது வேகிற நேரத்தில் பக்கத்து அடுப்பில் கழுத்தும் இறக்கை நுனியும் சின்ன வெங்காயத்தோடு கொதித்துச் சாறு இறங்கும்.

கறி தட்டுக்குப் போனதும் எல்லாரும் அதன் பின்னால் போய்விடுவார்கள். "என்னடி, கறியை விட்டுட்டுச் சட்டியைக் கொஞ்சிக்கிட்டு நிக்கிற?" என்பார் அத்தை. நிற்கத்தான் வேண்டும் அத்தை! சட்டியில் இருப்பதைக் கிண்ணத்தில் வடித்துக் கொஞ்ச நேரம் விட்டால் கொழுப்பு மேலே மிதக்கும். அதில் 2 மேசைக்கரண்டியை மறுபடி சட்டியில் விட்டு, அதே அளவு அரிசி மாவைப் போட்டுப் பச்சை வாசனை போக வறுக்கிறேன். பிறகு கிண்ணத்தில் தங்கிய சாற்றோடு கழுத்துச் சாற்றையும் சேர்த்து ஒரு கப் அளவுக்குச் சிறிது சிறிதாக ஊற்றினால், 'சொய்ங்' என்று ஒரு சத்தம், முகத்தில் ஆவி. அந்த நொடியில் தோசைத் திருப்பியால் அடியைச் சுரண்ட வேண்டும். காந்தல் இளகி, வெளுத்த மாவுக் கரைசலுக்குள் பழுப்புக் கோடுகளாக ஓடிக் கலந்து, மொத்தமும் பனைவெல்ல நிறத்துக்கு வரும். சூட்டில் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து இப்படிச் சிவப்பதைப் பற்றி மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912-ல் எழுதினார். மனுஷன் வாழ்க!

நன்றி தெரிவிக்கும் திருநாளுக்கு அமெரிக்காவில் இதை மசித்த உருளைக்கிழங்கில் ஊற்றுகிறார்கள். ஊற்றிக்கொள்ளட்டும். நான் கடைசியில் சீரகம் தட்டிப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளி, நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்து, கல்வராயன் மலைச் சாமையைச் சோறாக்கி அதில் ஊற்றுகிறேன். சாமை ஒவ்வொரு மணியிலும் குழம்பை இழுத்துக்கொள்ளும். அரிசிச் சோறு இதற்குப் பக்கத்தில் வர முடியாது. கறி வறுத்த சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டிப் பிள்ளைகள் அடித்துக்கொள்வது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே? அந்த ருசியைச் சட்டி நிறையக் காய்ச்சுகிற வித்தை இது.

மீந்தால் ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் கட்டியாக உறைந்திருக்கும், கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். கழுத்தெலும்பிலிருந்து இறங்கிய பசைதான் அது. கொஞ்சம் வெந்நீர் விட்டு நன்றாகக் கொதிக்கவிட்டுக் கல்தோசைக்கு ஊற்றுங்கள். இப்போதெல்லாம் முதல் தோசைக்குத் தட்டை நீட்டுவது அத்தைதான்.